மடியில் வைத்த கைகள்

ஜூனில் வகுப்பு தொடங்குகிறது. 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளோடு வேலை செய்வதற்கான ஓராண்டு மாண்டிசோரி பட்டயப் பயிற்சி. சேர்க்கைக் கடிதத்தோடு ஒரு பட்டியலும் வந்திருந்தது: கோடு போடாத வெள்ளைத் தாள், கறுப்பு மைப் பேனா, வண்ணப் பென்சில், கெட்டி அட்டை, கத்தரிக்கோல், பசை, உப்புத்தாள், தரையில் உட்கார்ந்து எழத் தோதான உடை. எனக்கு வயது 44. கணக்குப் பிரிவில் 20 வருடம் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள். பட்டியலில் இருந்ததையெல்லாம் பாரிமுனையில் ஒரே மத்தியானத்தில் வாங்கி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகும் நான்கு மாதம் மீதி இருந்தது.

அந்த நான்கு மாதத்தில் என்ன செய்வது என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். பாட்டு கற்றுக்கொள், சார்ட் வரையப் பழகு, இங்கிலீஷைத் தேற்றிக்கொள், கையெழுத்தைத் திருத்து என்றார்கள். எல்லாம் அக்கறையோடு சொன்னவைதான். முப்பது பாட்டு வரை எழுதியும் வைத்தேன். ஆனால் அந்தப் பாட்டுகளை யார் முன்னால் பாடப்போகிறேனோ அவர்களில் ஒருவரைக்கூட நான் அரை மணி நேரம் சேர்ந்தாற்போலப் பார்த்ததில்லை. ஒரு மகளைப் பெற்று வளர்த்தவள் இப்படிச் சொல்வது விசித்திரமாக இருக்கலாம். வளர்ப்பதும் பார்ப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பால்வாடி இருக்கிறது. பலகையில் ‘குழந்தைகள் மையம்’ என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் காலையில் ஒரு மணி நேரம் அங்கே உட்கார ஆரம்பித்தேன். சுவரோரம் ஒரு பாய், மடியில் ஒரு நோட்டு. எதிலும் தலையிடுவதில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட நிபந்தனை.

முதல் நாள் நோட்டில் எழுதியது இது: “சிவப்புச் சட்டை – ஒரே சேட்டை. ரெட்டைச் சடை – சமத்து. ஜன்னலோரம் ஒருத்தி – அழுமூஞ்சி.” வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோது அதில் ஒன்றுமே இல்லை. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு வவுச்சர் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். எவ்வளவு, எப்போது, யாருக்கு, எதற்காக என்று எந்த விவரமும் இல்லாமல் கடைசித் தொகை மட்டும் போட்ட தாள் அது. மூன்று குழந்தைகளுக்கும் கணக்கு முடித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

சமத்து, வாலு, சேட்டை, அடம், சிணுங்கல், பிடிவாதம். குழந்தையைப் பற்றிப் பேச நம் வீடுகளில் புழங்கும் வார்த்தைகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே தீர்ப்புகள். பெரியவர்களுக்குத் தொந்தரவு தராத பிள்ளை சமத்து, தருகிற பிள்ளை வாலு. அந்த வார்த்தைகளில் குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது என்ற செய்தியே கிடையாது. இத்தனைக்கும் குழந்தையைக் கண்கொட்டாமல் பார்த்த ஒரு மரபு இந்த மொழியில் இருக்கிறது. பிள்ளைத்தமிழின் பருவப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி, கை கொட்டுவது. பிறகு தளர்நடை போட்டு வருகிற வருகை. காப்பு முதல் பத்துப் பருவங்களில் ஒன்றின் பெயராவது ‘நல்ல பிள்ளை’ என்றோ ‘பொல்லாத பிள்ளை’ என்றோ இல்லை. பாட்டுடைத் தலைவன் கடவுளாகவோ அரசனாகவோ இருக்கலாம். ஆனால் தரையில் ஊன்றிய அந்தக் கை, எங்கோ ஒரு வீட்டு முற்றத்தில் யாரோ உட்கார்ந்து பார்த்த கை. அதைப் பார்த்தவர்களின் வழியில் வந்த நான் ‘சேட்டை’ என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கிறேன்.

மூன்றாம் வாரம் நோட்டு கொஞ்சம் மாறியது. “9.50. சிவப்புச் சட்டை. அடுக்கி வைத்த டம்ளர்களைத் தள்ளினான். ஒவ்வொன்று விழும்போதும் தலையைச் சாய்த்துக்கொண்டான். எவர்சில்வர் டம்ளரை மட்டும் மறுபடி எடுத்து வைத்துத் தள்ளினான். மூன்று முறை. பிளாஸ்டிக் டம்ளரை ஒரு முறை தள்ளிவிட்டு விட்டுவிட்டான்.” எழுதும்போதுதான் புரிந்தது. அவன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இரண்டு உலோக டம்ளரையும் இரண்டு பிளாஸ்டிக் டம்ளரையும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தால் அதுவே அவனுக்கு ஒரு பாடம். முதல் வாரமாக இருந்திருந்தால் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்திருப்பேன்.

இதை எழுதும்போது என் மகள் ஞாபகம் வராமல் இருக்காது. அப்போது அவளுக்கு மூன்று வயது. காலையில் பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். நான் போட்டுவிட்ட சட்டைப் பட்டன்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, முதலிலிருந்து தானே போடத் தொடங்குவாள். நான் மறுபடி போட்டுவிடுவேன், அவள் மறுபடி கழற்றுவாள். ஒரு நாள் அந்தக் கையில் அடித்தேன். அடம் என்று நினைத்தேன். அந்த வயதில் குழந்தைக்குப் பட்டன் போட்டு முடிப்பது பெரிதில்லை, போடுகிற வேலைதான் பெரிது. பெரியவர்களுக்கு வேலை முடியவேண்டும், குழந்தைக்கு அந்த வேலையின் வழியாகத் தன் விரல்களைச் செய்துகொள்ள வேண்டும் என்று இப்போது படிக்கிறேன். அவளுக்கு 17 ஆகிறது. போன வாரம் சொன்னேன். “எனக்கு ஞாபகமே இல்லம்மா” என்றாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

நான் கற்கப்போகும் முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரத்தின் சான் லொரன்சோ குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், பகலில் மாடிப்படிச் சுவர்களைக் கிறுக்கிக்கொண்டு திரிந்தவர்கள். அந்த இல்லத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ள முதலில் அமர்த்தப்பட்டவர் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல, அந்தக் கட்டடத்துக் காவலாளியின் மகள். மாண்டிசோரிக்கு அதில் குறை தோன்றவில்லை. பள்ளிக்கூடம் என்றால் இப்படித்தான் என்ற முன்முடிவுகள் இல்லாத ஒருத்தி, காட்டியதைக் காட்டியபடி செய்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டைக் குழிகளில் குமிழ் வைத்த உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக 40 முறைக்கும் மேல் செய்ததை மாண்டிசோரி எண்ணியிருக்கிறார். சுற்றி மற்றப் பிள்ளைகளைப் பாடவிட்டும், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் பார்த்தார். உருளைகளை மடியில் வாரி வைத்துக்கொண்டு அவள் தொடர்ந்தாள். பிறகு தானாக நிறுத்தி, நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவள்போல முகம் மலர்ந்து நிமிர்ந்தாளாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. ஒரு நாள் மூக்கு சிந்துவது எப்படி என்று குழந்தைகளுக்குக் காட்டினார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, சத்தமில்லாமல் எப்படித் துடைப்பது என்று மெதுவாக, ஒவ்வொன்றாக. முடித்ததும் குழந்தைகள் கைதட்டினார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று அவர்களை அதுவரை எல்லோரும் ஏசியிருந்தார்கள், எப்படித் துடைப்பது என்று ஒருவரும் காட்டவில்லை. பால்வாடியில் உட்கார்ந்து மூக்கொழுகும் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைதட்டல் நினைவுக்கு வருகிறது. “மூக்கத் துடை” என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். துடைத்தும் விட்டிருக்கிறேன், அழுத்தி, வலிக்கும்படி. காட்டியதில்லை.

இதே சென்னையில் அதற்கும் நூறு வருடம் முன்னால் நடந்த ஒரு கதை இருக்கிறது. எழும்பூரில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தன் விடுதியிலும் அப்படியே அரிச்சுவடி கற்பிக்கச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் முடியாது என்றுவிட்டார். பெல் அந்த வேலையை எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கொடுத்தார். அவன் செய்துகாட்டினான். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாட்டைப் பற்றி அவர் 1797-இல் லண்டனில் வெளியிட்டது ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணை மணல் கடல் கடந்து போனதில் பெருமைப்படலாம்தான். ஆனால் என் மனம் நிற்பது முடியாது என்று சொன்ன அந்த ஆசிரியரிடம். அவர் கெட்டவராக இருந்திருக்கமாட்டார். அவருக்கு ஏற்கெனவே கற்பிக்கத் தெரிந்திருந்தது, அதுதான் தடை.

காவலாளியின் மகள், எட்டு வயதுப் பையன் என்று சொல்லிக்கொண்டு போனால் பயிற்சியே வேண்டாம் என்பதுபோல ஆகிவிடும். நான் சொல்லவருவது அதுவல்ல. அவர்கள் இருவருக்கும் இல்லாத ஒன்று என்னிடம் நிறைய இருக்கிறது. 44 வருடப் பழக்கம். பிழை கண்டவுடன் நீளும் கை. பயிற்சி எனக்குத்தான் அதிகம் தேவை, அதற்கு முந்தைய நான்கு மாதமும்.

ஏப்ரலில் ஒரு மாலை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். 1939 நவம்பரில் மாண்டிசோரி இங்கே வந்தபோது அவருக்கு வயது 69. அழைத்தவர்கள் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த சுமார் 300 பேர் அந்த முதல் பயிற்சியில் உட்கார்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். குஜராத்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் யோசிக்கிறவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். இத்தனை மொழி தாண்டி வந்தது என்னவாக இருக்கும் என்று மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். சொற்களில் பாதி வழியில் சிந்தியிருக்கும். ஒரு உருளையை இரண்டு விரலால் பிடித்து எடுக்கும் விதம், ஒரு பாயைச் சுருட்டும் விதம், இவை சிந்தாமல் வந்து சேர்ந்திருக்கும்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. மாண்டிசோரி எதிரி நாட்டவர் ஆனார். மரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள், மாண்டிசோரியை அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக்கூடாது என்றார்கள். ஆகஸ்ட் 31, அவருடைய 70-ஆவது பிறந்தநாள். அன்றைக்கு வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது, மகனைத் திருப்பி அனுப்புவதாக. மணமாகாத தாய்க்கு 1898-இல் பிறந்து, கிராமத்துக் குடும்பம் ஒன்றில் வளரவிடப்பட்ட பிள்ளை மரியோ. தாய் மகன் என்ற உறவை வெளியில் சொல்லாமலே பல காலம் கழிந்திருந்தது. உலகத்துக் குழந்தைகளையெல்லாம் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தன் பிள்ளையின் சப்பாணிப் பருவத்தையும் வருகைப் பருவத்தையும் தினம்தினம் பார்க்கக் கிடைக்கவில்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரை எடைபோட எனக்குத் தகுதியில்லை. பட்டன் போட்ட அந்தச் சின்னக் கையை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மாண்டிசோரி கொடைக்கானலில் இருந்தார், அகமதாபாதில் வகுப்பு எடுத்தார். அந்த அகமதாபாத் உரைகள்தான் 1949-இல் அடையாறில் புத்தகமாக அச்சாயின. பிறந்த மூன்று வருடத்துக்குள் குழந்தை சுற்றியிருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது என்று பேசும் அந்தப் புத்தகம் முதலில் வெளிவந்தது நம் ஊரில் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

உப்புத்தாள் எதற்கு என்று பட்டியலைப் பார்த்தவர்கள் கேட்டார்கள். எழுத்து வெட்ட. அட்டையில் ஒட்டிய சொரசொர எழுத்தின் மேல் குழந்தை இரண்டு விரலை ஓட்டிக்கொண்டே ஒலியைச் சொல்லும். மணலில் எழுதிய திண்ணையும் விஜயதசமி அன்று நெல்லில் அகரம் எழுதவைக்கும் வீடும் அறிந்த விஷயம்தான், விரல் வழியாக எழுத்து உள்ளே போகிறது. தமிழுக்கு வெட்டிப் பார்க்க ஆசைப்பட்டு உட்கார்ந்தேன். ‘ட’ இரண்டே கோடு. ‘ப’, ‘ம’ எளிது. ‘அ’ வெட்டும்போதுதான் அதில் விரல் எத்தனை முறை திரும்புகிறது என்று தெரிந்தது. நாம் முதலில் பிடித்து எழுதவைப்பது அதைத்தான். ‘கொ’வுக்கு வந்தபோது நின்றுவிட்டேன். ஒலிக்கும்போது க-வுக்குப் பின்னால் வருகிற ஒகரம், எழுத்தில் க-வுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கிறது. காதுக்கு ஒரு வரிசை, கண்ணுக்கு வேறு வரிசை. நாலு வயதுக் குழந்தைக்கு இதை எப்படிக் காட்டுவது? 247 எழுத்தையும் அட்டையில் ஒட்டி அடுக்குவதா, உயிர்க்குறிகளைத் தனி நிறத்தில் வெட்டிக் கொடுத்து நகர்த்தச் சொல்வதா? தமிழில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் மேசையில் தனித்தனியாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். இது நூலாகவும் விவாதமாகவும் வரவேண்டிய பொருள். பெரிய கவிஞர்களைப் பற்றிப் பேசும் அதே தீவிரத்தோடு நம் பத்திரிகைகள் ‘கொ’வைப் பற்றியும் பேசவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பயிற்சியில் நான் எழுதப்போகும் ஆல்பங்கள் நான்கைந்து. ஒவ்வொரு கருவியையும் எப்படி எடுப்பது, எங்கே வைப்பது, எந்த விரல், எந்தச் சொல், எங்கே பேசாமல் இருப்பது என்று படம் வரைந்து கைப்பட எழுதிச் சேர்க்கவேண்டும். அச்சடித்த புத்தகம் கிடைக்காதா என்று முன்பு அலுத்துக்கொண்டிருப்பேன். பால்வாடி நோட்டு எழுதிய பிறகு அப்படித் தோன்றவில்லை.

அந்தப் பால்வாடி டீச்சரிடம் ஒரு நாள் என் பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். “உங்களுக்கு ஒரு வருஷமா மேடம்? எங்களுக்கு ஒரு மாசம் சொல்லிக் குடுத்தாங்க. மீதிய இதுங்கதான் சொல்லிக் குடுத்துச்சு” என்றார், எடைக் கருவியிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டே. நாங்கள் பால்வாடி என்று சொல்லும் அங்கன்வாடியின் பணியாளருக்கு நெடுங்காலம் கொடுக்கப்பட்டுவந்த பணிப்பயிற்சி 26 வேலை நாள். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது இந்த அங்கன்வாடித் திட்டம். இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள். ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை என்று நீளும் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வி ஒன்று. எடை பார்க்கவேண்டும், சத்துமாவு கொடுக்கவேண்டும், முட்டைக் கணக்கு எழுதவேண்டும், கைப்பேசிச் செயலியில் எல்லாவற்றையும் ஏற்றவேண்டும், தேர்தல் காலத்தில் வாக்காளர் பட்டியலோடு வீடுவீடாக ஏறி இறங்கவேண்டும். இத்தனைக்கும் நடுவில் அவர் ஆடிப் பாடிக் கதை சொல்கிறார். இந்த வேலையைச் செய்கிறவருக்கு முழு அரசு ஊழியர் என்ற தகுதி இன்னும் இல்லை. வாழ்க்கையின் மிக முக்கியமான வருடங்கள் இவை என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்த வருடங்களை யார் கையில் ஒப்படைக்கிறோமோ அவருக்கு ஒரு மாதம் போதும், எனக்கு ஒரு வருடம் வேண்டும் என்பதில் என்ன நியாயம்? நான் பணம் கட்டிச் சேர்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை. சேரிக் குழந்தைகளிடம் பிறந்த முறை இன்று பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளில் வாழ்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் மாண்டிசோரி வகுப்புகள் நடப்பது மனதுக்கு இதமான விதிவிலக்கு.

அங்கன்வாடி என்ற பெயரில் உள்ள ‘அங்கன்’ என்றால் முற்றம். பவநகரில் கிஜுபாய் பதேகாவோடு வேலை செய்துவிட்டு, 1945-இல் மகாராஷ்டிரத்துக் கடலோரக் கிராமமான போர்டிக்கு வந்தார் கல்வியாளர் தாராபாய் மோதக். அங்கே எளிய மக்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் அவரும் அனுதாய் வாக்கும் அந்தப் பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்குப் போனார்கள். கையில் கிடைத்த கூழாங்கல், இலை, விதை, ஓடு, இவைதான் கருவிகள். அந்தப் பெயரைத்தான் இன்று லட்சக்கணக்கான பலகைகளில் எழுதியிருக்கிறோம்.

வீட்டில் இப்போது என் பயிற்சி இதுதான். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசியைச் சிந்தாமல் மாற்றுகிறேன், மெதுவாக. நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வைக்கிறேன். ஒரு நாள் காலை எழுந்ததிலிருந்து ‘சீக்கிரம்’ என்ற வார்த்தையை எத்தனை முறை சொல்கிறேன் என்று கணக்கு வைத்தேன். மகள் கல்விக்கூடத்துக்குக் கிளம்புவதற்குள் 23. அதில் பாதிக்கு மேல் எந்த அவசரமும் இல்லாத நேரத்தில் சொன்னது. என் அம்மா அப்படித்தான் சொல்வாள். “குடு, நான் பண்றேன்” என்பதும் அவளுடையதுதான். அன்பில்தான் சொன்னாள். எனக்கு 12 வயதுவரை தலைபின்னத் தெரியாது.

கடைசியாகப் பால்வாடிக்குப் போனது சென்ற வியாழக்கிழமை. ஜன்னலோரத்துச் சிறுமி, முதல் நாள் நான் அழுமூஞ்சி என்று எழுதிய அதே குழந்தை, தண்ணீர் பாட்டில் மூடியைப் போட்டுக்கொண்டிருந்தாள். நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

“11.31. மூடி சாய்ந்து உட்காருகிறது. எதிர்த் திசையில் திருகுகிறாள். விழுந்தது. எடுத்தாள். 11.34. பாட்டிலைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். நாக்கு வெளியே. 11.36. மறுபடி எதிர்த் திசை. என்னைப் பார்க்கவில்லை. என் கைகள் மடியில். 11.40. ஆயா சாப்பாட்டுக்கு வரிசையாக உட்காரச் சொன்னார். இவள் எழவில்லை. ஆயா கரண்டியோடு நின்று பார்த்தார். ‘முடிச்சிட்டு வரட்டும்’ என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார். 11.43. மூடிக்கொண்டது. பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. 11.44. திறந்தாள். முதலிலிருந்து.”